முதற்கடப்பு நேரக் கணக்கு ஒத்துவராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மூலக்கூறு புறப்பட்ட இடத்திலிருந்து குறித்த இலக்கை முதன்முறையாகத் தொட எடுக்கும் நேரம்தான் முதற்கடப்பு நேரம். வினை நடக்கும் வீதம், அயனி துளையைக் கடக்கும் நேரம், மோட்டார் புரதம் இரண்டு அடிகளுக்கு இடையே காத்திருக்கும் நேரம் எல்லாம் கடைசியில் இதன் சராசரியிலோ பரவலிலோ வந்து நிற்கும். பிரௌனிய இயக்கச் சிமுலேஷன் எழுதி இதைக் கணக்கிடுகிறவர்களுக்காக இந்த வழிமுறை. எண் ஒத்துவராதபோது பலரும் முதலில் மாதிரியின் இயற்பியலைச் சந்தேகிக்கிறார்கள். பிழை பெரும்பாலும் எல்லையில் இருக்கும்: துகள் எங்கே புறப்பட்டது, எங்கே முடிந்தது, பின்னால் சுவர் உண்டா, எண்ணுவதை எப்போது நிறுத்தினோம். இந்த நான்கையும் சொல்லாமல் ஒரு முதற்கடப்பு நேரத்தை வெளியிட்டால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

கீழே வரும் சூத்திரங்களில் ‘விரவல்’ என்பது விரவல் குணகம் (துகள் தற்செயலாகப் பரவும் விரைவின் அளவு), ‘வேகம்’ என்பது வெளிவிசை தரும் இழுப்புத் திசைவேகம், ‘படி’ என்பது சிமுலேஷனின் நேரப்படி. ‘எக்ஸ்ப்’ நிரலில் நாம் எழுதும் அதே அடுக்குக்குறிச் சார்பு. போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வருவதை ‘வெப்ப அலகு’ என்று குறிப்பிட்டிருக்கிறது. 298 கெல்வினில் அது 4.11 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், அதாவது மோலுக்கு 2.48 கிலோஜூல் அல்லது 0.592 கிலோகலோரி.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

விடை தெரிந்த ஒரு கணக்கை உங்கள் நிரலிலேயே ஓட்டுங்கள். இதைக் கீழே ‘அளவீட்டு ஓட்டம்’ என்று குறிப்பிட்டிருக்கிறது. விசை வேண்டாம். விரவல் 1, நீளம் 1. நிலை 0-இல் திருப்பும் சுவர் (தொட்ட துகள் உள்ளே திரும்பும்), நிலை 1-இல் உறிஞ்சும் சுவர் (தொட்டதும் பாதை முடியும்), புறப்பாடு 0-இல். சராசரி தூரம்² ÷ (2 × விரவல்), அதாவது 0.5 வர வேண்டும். பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) 1/6, திட்டவிலக்கம் 0.408.

10,000 பாதைகள் போட்டால் சராசரியின் திட்டப்பிழை 0.004. கீழே சொல்லப்போகும் முதல் பிழையின் அளவு 0.008தான் என்பதால் அதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க இது போதாது. 100,000 பாதைகள் போடுங்கள், திட்டப்பிழை 0.0013 ஆகும். கம்பைல் செய்த நிரலில் இது சின்ன வேலை. வெறும் பைத்தான் வளையத்தில் எழுதியிருந்தால் எல்லாப் பாதைகளையும் ஒரே அணியில் வைத்துச் சேர்த்து நகர்த்துங்கள்.

நிஜ அலகில் எவ்வளவு என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்பதும் நல்லது. விரவல் நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர் உள்ள புரதம் 1 மைக்ரோமீட்டர் கடக்க 0.05 நொடி. உங்கள் விடை 50 நொடி என்றோ 50 மைக்ரோநொடி என்றோ வந்தால் அலகு மாற்றத்தில் எங்கோ ஆயிரம் தப்பியிருக்கிறது.

திருப்பும் சுவரை எப்படி எழுதினீர்கள் என்பதையும் இப்போதே பாருங்கள். விசையில்லாத இடத்தில் சுவருக்கு அப்பால் போன துகளை அதே தூரம் உள்ளே மடித்துவிடுவது, அதாவது நிலையின் மட்டு மதிப்பை எடுப்பது, துல்லியமான வழி. வெளியே போனதைச் சுவர்மேலேயே நிறுத்தினால் துகள் சுவரோரம் கூடுதல் நேரம் தங்கும்.

அறிகுறி: படியைக் குறைக்கக் குறைக்கச் சராசரியும் இறங்கிக்கொண்டே போகிறது

இதுதான் அடிக்கடி வருவது. சிமுலேஷன் துகளை ஒவ்வொரு படியின் முடிவில் மட்டும் பார்க்கிறது. நிஜப் பாதை இரண்டு பார்வைகளுக்கு நடுவே சுவரைத் தொட்டுவிட்டு உள்ளே திரும்பியிருக்கலாம். அந்தத் தொடுகை கணக்கில் வராமல் போகும், ஆகவே நேரம் எப்போதும் கூடுதலாகவே வரும். பிழையின் திசை ஒன்றே என்பதால் எத்தனை பாதைகள் சேர்த்தாலும் சராசரியில் அது கரையாது.

அளவு எவ்வளவு? தட்டையான சுவருக்கு 0.5826 × √(2 × விரவல் × படி) தூரம் சுவர் தள்ளிப் போனதுபோல் ஆகும். 1997-இல் பிராடி, கிளாசர்மன், கோ மூவரும் பங்குச்சந்தைத் தடை ஒப்பந்தங்களுக்காகப் பயன்படுத்திய திருத்தம் இதே மாறிலியைக் கொண்டது. கணிதம் ஒன்றே என்பதால் மூலக்கூறுக்கும் அப்படியே பொருந்தும். மேலே சொன்ன அளவீட்டு ஓட்டத்தில் படி 0.0001 என்றால் சுவர் 0.00824 தள்ளி நிற்கும், சராசரி 0.5083 வரும், பிழை 1.65 சதவீதம். படியை நூறு மடங்கு சுருக்கி 0.000001 ஆக்கினாலும் பிழை பத்து மடங்குதான் குறையும்: 0.165 சதவீதம். பிழை படியின் வர்க்கமூலத்தோடு போகிறது. படியைச் சுருக்கியே தீர்ப்பது கணினி நேரத்தை வீணாக்கும் வழி.

முதலில் இதுதான் காரணமா என்று உறுதிசெய்யுங்கள். மூன்று படி அளவுகளில் ஓட்டி, சராசரியை √படிக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் இதுவேதான். √படி பூச்சியமாகும் இடத்தில் கோடு காட்டும் மதிப்பே சரியான விடை. படிக்கு எதிராக வரைந்தால் வளைகோடு வரும், எங்கே போய் முடியும் என்று கண்ணுக்குத் தெரியாது.

தீர்வுகளில் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது பாலச் சோதனை. படியின் தொடக்கத்தில் சுவரிலிருந்து உள்ள தூரத்தையும் முடிவில் உள்ள தூரத்தையும் எடுங்கள். இரண்டும் உள்பக்கமே இருந்தால், இடையில் சுவரைத் தொட்டிருக்கும் நிகழ்தகவு

எக்ஸ்ப்(−முன்தூரம் × பின்தூரம் ÷ (விரவல் × படி)).

0-க்கும் 1-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண் எடுத்து, அது இதைவிடச் சிறியதாக இருந்தால் துகள் உறிஞ்சப்பட்டது என்று பாதையை முடியுங்கள். மாறா விசை இருந்தாலும் சூத்திரம் மாறாது, ஏனென்றால் இரண்டு முனைகளும் தெரிந்த பிறகு இழுப்பு வேகம் பாலத்தின் நிகழ்தகவில் வராது. சுவரிலிருந்து 4 × √(2 × விரவல் × படி) தூரத்துக்கு அப்பால் இரண்டு முனைகளும் இருந்தால் எக்ஸ்ப்(−32)-க்கும் கீழே போய்விடும். அங்கே சோதனையைத் தவிர்த்து நேரத்தை மிச்சப்படுத்தலாம். இந்தக் கூடுதல் சமவாய்ப்பு எண்ணை, துகளை நகர்த்தப் பயன்படுத்திய அதே எண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. அது தனியாக வர வேண்டும்.

இன்னொரு வழி, உறிஞ்சும் சுவரையே 0.5826 × √(2 × விரவல் × படி) அளவு உள்ளே நகர்த்துவது. ஒரே வரி மாற்றம். சுவர் தட்டையாகவும் அதன் அருகே விரவல் மாறாமலும் இருந்தால் போதுமான அளவு சரியாக வேலை செய்யும். வளைந்த இலக்கு, குறுகிய துளை வாய் போன்ற இடங்களில் இதை நம்ப வேண்டாம்.

அறிகுறி: ஓட்டத்தை நீட்ட நீட்டச் சராசரி ஏறிக்கொண்டே போகிறது

பின்னால் திருப்பும் சுவரும் இல்லை, இலக்கை நோக்கி இழுப்பும் இல்லை என்றால் சராசரி என்ற ஒன்றே கிடையாது. ஒற்றைப் பரிமாணத்தில் துகள் என்றாவது இலக்கைத் தொடுவது உறுதி. ஆனால் நேரப் பரவலின் வால் நேரத்தின் −3/2 அடுக்கில் தேய்வதால் சராசரி முடிவிலி. சிமுலேஷன் தருகிற எண் நீங்கள் வைத்த உச்சவரம்பைத்தான் காட்டுகிறது. விரவல் 1, தூரம் 1 என்று வைத்து, வந்து சேராதவற்றை உச்சவரம்பு நேரமாகவே எண்ணினால் வரம்பு 100-க்குச் சராசரி ஏறத்தாழ 10.8, வரம்பு 400-க்கு 22.1, 1600-க்கு 44.6. வரம்பை நான்கு மடங்காக்கும்போதெல்லாம் சராசரி இரட்டிக்கிறது. இந்த வகை ஏற்றம் தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், இன்னும் நீட்டிப் பயனில்லை.

பிழைத்திருக்கும் பங்கை, அதாவது இன்னும் இலக்கைத் தொடாத பாதைகளின் விகிதத்தை, நேரத்துக்கு எதிராக இரண்டு அச்சிலும் மடக்கை போட்டு வரையுங்கள். சரிவு −1/2 உள்ள நேர்கோடு வந்தால் சராசரி இல்லை. அப்போது நடுமதிப்பைச் சொல்லுங்கள், அது 1.10 × தூரம்² ÷ விரவல். கோடு ஒரு நேரத்துக்குப் பிறகு கீழ்நோக்கி வேகமாக வளைந்தால் எங்கோ சுவரோ இழுப்போ இருக்கிறது, சராசரி முடிவுள்ளது. ஓட்டத்தின் நீளம்தான் போதவில்லை.

இந்த இரண்டாம் நிலையில் பலர் செய்யும் தவறு, வந்து சேராத பாதைகளை எறிந்துவிட்டு வந்தவற்றின் சராசரியை மட்டும் எடுப்பது. எடுத்துக்காட்டாக 200 பாதைகள், உச்சவரம்பு 50. 120 பாதைகள் வந்து சேர்ந்தன, அவற்றின் நேரங்களின் கூட்டல் 2,600. எறிந்துவிட்டுக் கணக்கிட்டால் 21.7 வரும். வால் அடுக்குக்குறிப் பரவலாக இருந்தால் சரியான மதிப்பீடு, எல்லாப் பாதைகளும் செலவிட்ட மொத்த நேரத்தை வந்த எண்ணிக்கையால் வகுப்பது: (2,600 + 80 × 50) ÷ 120 = 55. முதல் எண் பாதிக்கும் கீழே நிற்கிறது. பரவலின் வடிவம் தெரியாவிட்டால், வந்து சேராத பாதைகளையும் கணக்கில் சேர்க்கும் கப்லான்–மேயர் முறையில் பிழைத்திருக்கும் வளைவைப் போட்டு அதையே காட்டுங்கள்.

முப்பரிமாணத்தில் நிலைமை வேறு. சிறு கோளத்தின் மையத்திலிருந்து ஓர் ஆரம்பத் தூரத்தில் புறப்படும் துகள் அந்தக் கோளத்தை என்றாவது தொடும் நிகழ்தகவு, கோளத்தின் ஆரம் ÷ ஆரம்பத் தூரம் மட்டுமே. மீதி திரும்பாது. ஆகவே அடைத்த பெட்டி இல்லாமல் சராசரி கேட்கக் கூடாது. பெட்டி உண்டென்றால், சிறு இலக்குக்குச் சராசரி கனஅளவு ÷ (4 × பை × விரவல் × ஆரம்). 1 கன மைக்ரோமீட்டர் பாக்டீரியா, 5 நானோமீட்டர் இலக்கு, விரவல் நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர்: 1.6 நொடி. இலக்கு, கோளமாக இல்லாமல் சுவரில் உள்ள வட்டத் துளையானால் கீழே உள்ள ‘4 × பை’க்குப் பதில் வெறும் 4 வரும். துளைக் கணக்கில் சுமார் 3 மடங்கு விலகல் வந்தால் இதைப் பாருங்கள்.

அறிகுறி: ஆற்றல் தடையைக் கடக்கும் நேரம் கோட்பாட்டுக்குச் சரியாகப் பாதி

தடையைக் கடக்கும் வீதத்துக்கு 1940-இல் இயற்பியலாளர் கிரேமர்ஸ் தந்த சூத்திரத்தோடு ஒப்பிடுகிறீர்கள், சிமுலேஷன் நேரம் பாதியாக வருகிறது. உறிஞ்சும் எல்லையைத் தடையின் உச்சியில் வைத்திருப்பீர்கள். உச்சியை அடைந்த துகளுக்கு இந்தப் பக்கம் விழவும் அந்தப் பக்கம் விழவும் சம வாய்ப்பு. உச்சியைத் தொட்டதில் பாதிதான் கடப்பாகும். எல்லையை அடுத்த பள்ளத்துக்குள் நகர்த்துங்கள். உச்சிக்கு அப்பால் ஆற்றல் சில வெப்ப அலகு இறங்கிய பிறகு எங்கே வைத்தாலும் நேரம் பெரிதாக மாறாது. மாறினால் இன்னும் உச்சிக்கு அருகிலேயே நிற்கிறீர்கள்.

இதை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. ஆற்றல் = 5 × (நிலை⁴ − 2 × நிலை²) வெப்ப அலகு, விரவல் 1. பள்ளங்கள் −1-இலும் +1-இலும், உச்சி 0-இல், தடை உயரம் 5 வெப்ப அலகு. −1-இல் புறப்பட்டு +1-ஐத் தொடும் சராசரி நேரம், அதைத் துல்லியமாகத் தரும் தொகையீட்டை எண்முறையில் போட்டால் 36.5. உச்சி வரை மட்டும் 18.1. கிரேமர்ஸ் சூத்திரத்தின் தலைகீழி 33.0. சிமுலேஷன் 18-ஐ ஒட்டி வந்தால் எல்லை தவறான இடத்தில். 36-ஐ ஒட்டி வந்தால் நிரல் சரி. 33-க்கும் அதற்கும் உள்ள 10 சதவீத இடைவெளி சூத்திரத்துடையது. பள்ளத்தையும் உச்சியையும் பரவளையமாக எடுத்துக்கொள்வதால் வருவது அது, தடை உயர உயரக் குறையும். ஆகையால் நடுத்தரத் தடைகளில் நிரலைச் சூத்திரத்தோடு ஒப்பிடாதீர்கள், தொகையீட்டோடு ஒப்பிடுங்கள்.

விலகல் பல நூறு மடங்கு என்றால் அலகுதான். தடை 5 என்று எழுதிய கோப்பு கிலோஜூலா கிலோகலோரியா? 5 கிலோகலோரி என்பது 8.4 வெப்ப அலகு, 5 கிலோஜூல் என்பது 2.0. அடுக்கில் போனதும் வீதத்தில் சுமார் 600 மடங்கு வித்தியாசம்.

விலகல் சீராக இருந்து, உராய்வைக் குறைத்தால் கூடுகிறது என்றால் நிலைமத்தை (நிறையால் துகளின் வேகம் உடனே மாறாத தன்மையை) மறந்திருக்கிறீர்கள். மிகு உராய்வுச் சூத்திரம் உராய்வு குறையக் குறைய வீதத்தை எல்லையில்லாமல் ஏற்றிக்கொண்டே போகும். உண்மையில் வீதம் ஓர் உச்சத்தைத் தொட்டுத் திரும்பி இறங்கும். உராய்வு வீதம் தடை உச்சியின் கோண அதிர்வெண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இல்லாவிட்டால் திசைவேகத்தையும் சேர்த்த லாஞ்செவின் சமன்பாட்டுக்குப் போங்கள்.

அறிகுறி: விசையே இல்லாத பெட்டியில் துகள்கள் ஒரு பக்கம் சேர்கின்றன

விரவல் இடத்துக்கு இடம் மாறும் கணக்குகளில் மட்டும் வரும். சுவரருகே, துளைக்குள், நெரிசலான இடத்தில் விரவல் குறையும் என்று போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு படியின் தொடக்கத்தில் உள்ள விரவலை வைத்து நகர்த்தினால், படி × விரவலின் சரிவு என்ற ஓர் உறுப்பை நகர்வோடு கூட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் துகள்கள் விரவல் குறைந்த பக்கம் தேங்கும்.

சோதனை: 0 முதல் 1 வரை பெட்டி, இருபுறமும் திருப்பும் சுவர், விரவல் = 1 + நிலை. சமநிலையில் ஹிஸ்டோகிராம் தட்டையாக வர வேண்டும். இடது ஓரத்தில் 1.44-உம் வலது ஓரத்தில் 0.72-உம் வந்தால் உறுப்பு விடுபட்டிருக்கிறது. அதே விரவலில் 0-இல் திருப்பி 1-இல் உறிஞ்சினால் சரியான நேரம் 0.307, உறுப்பு இல்லாமல் 0.386. நேரத்தை மட்டும் பார்த்தால் 26 சதவீத வித்தியாசத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், ஹிஸ்டோகிராமில் உடனே கண்ணில் படும். எனவே சமநிலையற்ற ஓட்டம் எதையும் தொடங்குமுன் விசையை எடுத்துவிட்டு, சுவர்களை மூடி, போல்ட்ஸ்மன் பரவல் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்ற நிரலின் பாய்வு எண்களுக்கு, அதாவது அலகு நேரத்தில் எத்தனை துகள்கள் கடக்கின்றன என்பதற்கு, எந்தப் பொருளும் இல்லை.

அறிகுறி: நிலையான பாய்வும் முதற்கடப்பு நேரத்தின் தலைகீழியும் ஒத்துப்போகவில்லை

இலக்கைத் தொட்ட துகளை உடனே புறப்பாட்டு இடத்தில் மீண்டும் விட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நிலையான ஓட்டம் உருவாகும். உள்ளே எப்போதும் ஒரே துகள் என்றால் பாய்வு = 1 ÷ சராசரி முதற்கடப்பு நேரம். தோராயம் எதுவும் இல்லாத சமன்பாடு இது, தடை உண்டா இல்லையா என்றுகூடப் பார்க்காது. ஆகவே ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று தவறாக எண்ணப்படுகிறது. கீழுள்ள வரிசையில் தேடுங்கள்.

மீண்டும் விடும் இடம். நேரத்தை 0-இல் புறப்படும் துகளுக்குக் கணக்கிட்டுவிட்டு, பாய்வு ஓட்டத்தில் பெட்டி முழுவதும் சீராக விட்டால் ஒப்பீடு செல்லாது. அளவீட்டு ஓட்டத்தில் முதல் வகைக்கு நேரம் 1/2, பாய்வு 2. இரண்டாம் வகைக்கு நேரம் 1/3, பாய்வு 3. உயர்ந்த தடை உள்ள கணக்குகளில் பள்ளத்துக்குள் எங்கே விட்டாலும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும் என்பதால் இந்தத் தவறு மறைந்து நிற்கும். தடையைக் குறைக்கும்போதுதான் வெளிப்படும்.

எண்ணும் முறை. நடுவில் ஒரு கோடு போட்டு வலப்பக்கம் கடந்தவற்றை எண்ணினால் போதாது, இடப்பக்கம் திரும்பியவற்றைக் கழிக்க வேண்டும். கழிக்காத எண்ணிக்கை படியைச் சுருக்கினால் ஏறும்: படி நான்கில் ஒன்றானால் எண்ணிக்கை இரட்டிக்கும். பிரௌனியப் பாதை ஒரு கோட்டைத் தொட்டால் அதே இடத்தில் எல்லையற்ற முறை கடக்கும் தன்மை கொண்டது. படிக்கு ஏற்ப மாறும் பாய்வு எண்ணைக் கண்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொடக்கத் தற்காலிகம். சராசரி முதற்கடப்பு நேரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு ஓடவிட்டு, அந்தப் பகுதியை எறிந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

இடைவெளித் தேர்வு. ஒற்றை மூலக்கூறு அளவீட்டோடு ஒப்பிடும்போது இது வரும். ஏதோ ஒரு நேரத்தில் கருவியைத் திறந்து, அப்போது நடந்துகொண்டிருந்த காத்திருப்பின் முழு நீளத்தை எடுத்தால், நீண்ட இடைவெளிகளே அதிகம் அகப்படும். கிடைப்பது நேர வர்க்கத்தின் சராசரி ÷ நேரத்தின் சராசரி. அளவீட்டு ஓட்டத்தில் 0.5-க்குப் பதில் 0.833. கருவி திறந்த பிறகு தொடங்கி முடிந்த முழு இடைவெளிகளை மட்டும் எடுத்து, பதிவு முடியும்போது பாதியில் நிற்கும் கடைசியை முன்சொன்னபடி வந்து சேராததாக எண்ணுங்கள்.

அறிகுறி: ஒரே தரவிலிருந்து மூன்று வேகங்கள் வருகின்றன

வெளிவிசை உள்ள போக்குவரத்தில் தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் சொல்வது வழக்கம். எந்தச் சராசரியை எப்போது எடுக்கிறோம் என்பதில் விடை மாறும். தூரம் 1, விரவல் 1, வேகம் 10 என்று வைத்துப் பார்ப்போம்.

பின்னால் சுவர் இல்லாவிட்டால் நேரப் பரவல் தலைகீழ் காஸியன். 1915-இல் ஷ்ரோடிங்கரும் ஸ்மோலுச்சோவ்ஸ்கியும் தனித்தனியே கண்ட பரவல் அது. சராசரி தூரம் ÷ வேகம் = 0.1, பரவற்படி 2 × விரவல் × தூரம் ÷ வேகம்³ = 0.002. தூரத்தைச் சராசரி நேரத்தால் வகுத்தால் 10, சரி. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே வேகம் கண்டு பிறகு சராசரி எடுத்தால் வேகம் + 2 × விரவல் ÷ தூரம், அதாவது 12. 20 சதவீதம் கூடுதல்! குறுகிய தூரம் ஓடும் மோட்டார் புரதங்களுக்கு இது இன்னும் மோசமாகும்.

புறப்பாட்டு இடத்தில் திருப்பும் சுவர் இருந்தால் சராசரி நேரமே குறையும்: தூரம் ÷ வேகம் − (விரவல் ÷ வேகம்²) × (1 − எக்ஸ்ப்(−வேகம் × தூரம் ÷ விரவல்)) = 0.09. வகுத்தால் 11.1. சுவர் பின்வாங்கலைத் தடுத்ததால் வந்த கூடுதல் அது, விசையால் வந்ததல்ல. தூரத்தை இரட்டித்து ஓட்டுங்கள். இரண்டு தூரங்களின் சராசரி நேர வித்தியாசத்தால் தூர வித்தியாசத்தை வகுத்தால் சுவரின் பங்கு கழிந்துவிடும்.

வேகத்தின் குறியைத் தவறாகப் போட்டிருந்தால் அதே பெட்டியில் நேரம் 0.09-க்குப் பதில் 220 ஆகும். ‘ஓட்டம் முடியவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் பல சமயம் இருப்பது விசையின் குறிப் பிழை. ஆற்றல் சரிவின் எதிர்க்குறிதான் விசை என்பதை ஒரு தடவை நிரலில் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: முன்னோக்கிப் போன நேரமும் பின்னோக்கிப் போன நேரமும் வேறுவேறு

நடுவில் விட்டு, இருபுறமும் சம தூரத்தில் உறிஞ்சும் எல்லை வைத்து, விசையை ஒரு பக்கம் இழுக்கவிடுங்கள். முன்பக்கம் வெளியேறுபவை அதிகம். விகிதம் எக்ஸ்ப்(வேகம் × தூரம் ÷ விரவல்). ஆனால் முன்னால் வெளியேறியவற்றின் நேரப் பரவலும் பின்னால் வெளியேறியவற்றின் நேரப் பரவலும் ஒன்றேதான், சராசரி மட்டுமல்ல, முழுப் பரவலும். விசைக்கு எதிராகப் போனவை மெதுவாகத்தான் போயிருக்கும் என்று எதிர்பார்ப்போம். போக முடிந்தவை வேகமாகவே போயிருக்கின்றன. மாறா விசைக்கும் மாறா விரவலுக்கும் இது துல்லியமான விதி என்பதால் மிக நல்ல சோதனை.

வேகம் 2, விரவல் 1, தூரம் 1 என்று வையுங்கள். விகிதம் 7.39, இரு பக்கமும் சேர்ந்த சராசரி வெளியேறும் நேரம் (தூரம் ÷ வேகம்) × டான்ஹெச்(வேகம் × தூரம் ÷ (2 × விரவல்)) = 0.381. வேகத்தை 10-க்கு ஏற்றிச் சோதிக்க வேண்டாம்; 22,000-இல் ஒன்றுதான் பின்னால் போகும், பின்பக்கத்தின் புள்ளிவிவரம் கிடைக்காது. நேரங்கள் ஒத்து விகிதம் மட்டும் விலகினால் சமவாய்ப்பு இரைச்சலின் அளவில் 2 விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு படியின் பரவற்படி 2 × விரவல் × படி. நேரங்களே விலகினால் இரு எல்லைகளின் தூரமும் ஒன்றுதானா, ஒன்றில் மட்டும் பாலச் சோதனை விடுபட்டதா, உச்சவரம்பு பாதைகளை வெட்டியதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: வெப்பஇயக்க நிச்சயமின்மை எல்லை உடைந்ததாகக் காட்டுகிறது

2015-இல் பராட்டோவும் சைஃபர்ட்டும் முன்வைத்த எல்லை இது: ஓர் ஓட்டத்தின் பரவற்படி ÷ (சராசரி)² என்பதை, அந்த நேரத்தில் உண்டான என்ட்ரோபியால் பெருக்கினால் போல்ட்ஸ்மன் மாறிலி அலகில் 2-க்குக் கீழே போகாது. முதற்கடப்பு நேரங்களுக்கும், இலக்கு தொலைவில் இருக்கும்போது, இதே வடிவம் பொருந்தும் என்று 2017-இல் கிங்ரிச்சும் ஹோரோவிட்ஸும் காட்டினார்கள். பின்சுவர் இல்லாத மாறா இழுப்பில் இந்தப் பெருக்கல் துல்லியமாக 2: மேலே சொன்ன கணக்கில் 0.002 ÷ 0.01 = 0.2, ஒரு கடப்புக்கு என்ட்ரோபி வேகம் × தூரம் ÷ விரவல் = 10, பெருக்கினால் 2. உங்கள் நிரல் இங்கே 2 தராவிட்டால் சிக்கலான மாதிரிக்குப் போக வேண்டாம்.

கைனசின் என்ற மோட்டார் புரதத்துக்குப் போடும்போது எண்கள் இப்படி அமையும். அடி நீளம் 8 நானோமீட்டர். அதற்கு எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று சுமார் 20 முதல் 25 வெப்ப அலகு தரும். ஏடிபி நிறைந்த கரைசலில் அடிகளின் ஒழுங்கின்மை அளவு, அதாவது 2 × விரவல் ÷ (வேகம் × அடி நீளம்), ஏறத்தாழ 1/2. சுமை இல்லாதபோது பெருக்கினால் 10-ஐச் சுற்றி வரும், எல்லைக்கு வெகு மேலே. 6 பிக்கோநியூட்டன் சுமையில் ஓர் அடிக்கு இயந்திர வேலை 48 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், 11.7 வெப்ப அலகு. அதை ஏடிபி ஆற்றலிலிருந்து கழித்த மீதிதான் என்ட்ரோபிக் கணக்கில் வரும். கழிக்க மறந்தால் எல்லை பாதுகாப்பாக இருப்பதாகப் பொய்யாகத் தெரியும்.

எல்லை உடைந்து 2-க்குக் கீழே வந்தால்: பரவற்படியை ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரச் சாளரங்களில் எடுத்தீர்களா? அவை சார்பற்றவை என்று வைத்துப் போட்ட பிழைக்கோடு பொய்யாகச் சிறுக்கும், தற்செயலான இறக்கம் மீறலாகத் தெரியும். என்ட்ரோபியில் ஏதாவது ஒரு வினைப்படியின் பின்னோக்கிய வீதத்தைப் பூச்சியமாக வைத்தீர்களா? அப்படியானால் உண்மையான என்ட்ரோபி முடிவிலி, நீங்கள் போட்ட எண் அதன் ஒரு துண்டு. பெரிய தனித்த நேரப்படியில் ஓடும் மார்கோவ் சங்கிலியா (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்த மாதிரி)? நிலைமம் அல்லது காந்தப்புலம் உள்ள மாதிரியா? கால அட்டவணைப்படி வெளியிலிருந்து மாற்றப்படும் விசையா? இவற்றில் எல்லை இந்த வடிவில் செல்லுபடியாகாது, உடைவதில் வியப்பில்லை.

விரைவாகப் பார்த்துவிட வேண்டிய இரண்டு

பிழைக்கோடு நம்ப முடியாத அளவு சிறியதாக இருந்தால், இணையாக ஓடிய செயல்களெல்லாம் ஒரே சீட் எண்ணில் (சமவாய்ப்பு எண் வரிசையின் தொடக்க எண்) தொடங்கியிருக்கும். முதல் பத்து முதற்கடப்பு நேரங்களைக் கோப்புக்குக் கோப்பு ஒப்பிடுங்கள். ஒன்றே என்றால் இதுதான். அடுக்குக்குறிப் பரவலில் 100 நிகழ்வுகளுக்கு 10 சதவீதம், 10,000 நிகழ்வுகளுக்கு 1 சதவீதம் என்பதே நியாயமான திட்டப்பிழை.

மூலக்கூறு இயக்கவியல் பாதைகளிலிருந்து மார்கோவ் நிலை மாதிரி கட்டி நேரம் எடுக்கும்போது, பின்னடைவு நேரத்தை (ஒரு நிலையைப் பார்த்து அடுத்த நிலையைப் பார்க்கும் வரை விடும் இடைவெளி) கூட்டக் கூட்ட முதற்கடப்பு நேரமும் ஏறினால், ஏற்றம் ஓர் இடத்தில் சமதளமாகிறதா என்று பாருங்கள். சமதளம் வந்தால் அந்தப் பகுதியின் தொடக்கத்தை எடுக்கலாம். வராவிட்டால் நிலைகளைப் பிரித்த விதம் போதவில்லை, நிலைகளைத் தடையின் இருபுறமும் இன்னும் நுண்ணியதாக வெட்டுங்கள். மிக நீண்ட பின்னடைவில் வரும் மெதுவான ஏற்றத்துக்கு வேறு காரணம்: இடையே தொட்டுத் திரும்பியவை தவறிப்போவது. பாதையின் சட்டங்களை (ஒவ்வொரு கணத்தின் நிலைப் பதிவுகளை) அடர்த்தியாகச் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே அதைத் திருத்த முடியும்.